பையை எடுத்தது நான்தான்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் இப்போது சொல்வதற்கில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அன்று அந்தப் பேர் தெரியாத ஊரில் காட்டுக்குள் போனவர்கள் ஆறு பேர். நான், உன் அப்பா, உன் பெரிய அண்ணன், உன் கல்யாண போட்டோவில் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் நின்றாளே அந்த உன் அண்ணி, அவள் பெற்ற வாயாடி, எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி. அவனுக்கு உன் வயதுதான் இருக்கும். அண்ணன் உனக்குப் போனில் சொன்னதை மறந்துவிடு, நடந்தது இதுதான்.

காட்டு வாசலில் வழிகாட்டி எங்களை நிற்கவைத்துப் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினான். எனக்கும் அப்பாவுக்கும் அதில் என்ன புரியும். அண்ணனைக் கேட்டால், பாம்பு இருக்கும், அட்டை கடிக்கும், சத்தம் போடக்கூடாது, அவ்ளோதாம்மா என்றான். இவ்வளவு நேரம் பேசுச்சேடா அந்தப் பிள்ளை என்றேன், ஆபீஸ்ல பத்துப் பக்கத்த நாலு வரியாக்குறதுதாம்மா என் வேலை, நீ நட என்றான். அவன் விட்டுவிட்டது என்ன தெரியுமா, யாராவது ஒதுங்கப் போனால் முதுகுப்பையை வழியிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும், பின்னால் வருகிறவர் அந்தப் பையைத் தொடாமல் அங்கேயே நிற்கவேண்டும் என்பது. வழிகாட்டி தன் பையைக் கீழே வைத்து, மரத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்து நடித்தே காட்டினானாம். அப்பா அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நான் குனிந்து ஷூ கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

முட்டி வலியால் நான்தான் கடைசி. எனக்கு முன்னால் போன அப்பா ஒரு திருப்பத்தில் மறைந்தார். நான் அங்கே போனபோது நடுவழியில் அவர் பை. சாவியை பிரிட்ஜில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற மனுஷன், இதையும் மறந்துவிட்டு முன்னே போய்விட்டார் என்று திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டேன். நாற்பத்தோரு வருஷமாக இந்தக் கை செய்கிற வேலை. முன்னால் போனவர்களோ அவர் என்னோடு பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ஓடையைத் தாண்டுமுன் நின்று எல்லோரையும் பார்த்தான் வழிகாட்டி. என்னிடம் இருந்த இரண்டாவது பையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

எங்களை ஒரு பாறையில் உட்காரவைத்து, அசையக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டு வந்த வழியே ஓடினான். மழை மேகம் கட்டி, பட்டப்பகல் விளக்கேற்றுகிற நேரம்போல ஆகிவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று மடமடவென்று கிளையை ஒடித்துக்கொண்டு வந்தது, நின்றது, மறுபடி ஒடித்தது. என்னவென்று இன்றுவரை தெரியாது. வாயாடி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பாட்டி, தாத்தாவுக்குக் காது கேக்காதே, கூப்ட்டா எப்டி வருவாரு என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அண்ணி என் கையைப் பிடித்தாள், நான் உதறவில்லை. காது சரியில்லை, கண்ணாடியும் இல்லை, நெஞ்சு மாத்திரையும் இல்லை, இரண்டும் அந்தப் பையில், பை என் மடியில். பெற்றது வளர்த்தது எல்லாம் மறந்து, அவர் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறாரோ என்று மட்டும் நினைத்தேன்.

முக்கால் மணி கழித்து வழிகாட்டி அவரை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். ஒதுங்கிவிட்டு வழிக்கு வந்தவர் பையைக் காணாமல், இது அந்த வழியில்லை போல என்று வேறு வேறு தடத்தில் பையைத் தேடி நடந்து பள்ளத்தில் சரிந்திருக்கிறார். சட்டை கிழிந்து, கால் முழுக்க அட்டை. என்னைப் பார்த்ததும், நான் அங்கதாண்டி வெச்சேன், சத்தியமா வெச்சேன் என்று குழந்தைபோல அழுதார். நாற்பத்தோரு வருஷத்தில் அந்த மனுஷன் சத்தியம் செய்து நான் பார்த்ததில்லை.

அதோடு முடிந்ததா, இல்லை. வழிகாட்டியை அனுப்பியவர்கள் ஆபீசில் உன் அண்ணன் மேஜையைத் தட்டி, இவன் எங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று கத்தினான். அவர் சொன்னாருங்க, நானும் கேட்டேன், நீங்க அத்தைகிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் என்றாள் அண்ணி. நீ சும்மா இரு என்றான். நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து, பையை எடுத்தது நான்டா, அவங்ககிட்ட சொல்லுடா என்று கெஞ்சினேன். உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, தப்பு நம்ம மேல வந்துடும் என்றான். பையை நான் எடுத்ததையும் அவன் இங்கிலீஷில் சொல்லவில்லை. அப்பாவைச் சுமந்து வந்த பிள்ளையின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இனி காட்டுக்கு அனுப்பமாட்டார்களாம். அவன் என்னைப் பார்த்தான், நான் ஊமைபோல நின்றேன்.

இப்போதும் அப்பா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பக்கெட் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். சத்தம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். அண்ணி அந்த ஆபீஸ் விலாசத்தை எழுதித் தந்தாள், இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே இங்கிலீஷில் எழுதி அவர்களுக்கு இந்த வாரமே அனுப்பு, ஒரு வரிகூடச் சுருக்காதே. அண்ணன் கோபிப்பான் என்று பயப்படாதே. என்னைக் கண்டபடி பேசியவர்களோடுகூடச் சாவு வீட்டில் ராசியாகியிருக்கிறேன். இவனோடு ஆகமாட்டேன். என் மூத்த மகனை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

அம்மா