யானைக்கு வழி விட்ட ஊர்

பிள்ளைப்பாக்கம்,
9.6.2024

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பதாகப் போனில் சொல்கிறாய். ஆனால் நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

கம்பெனி கேன்டீனில் வடை மடிக்க வந்த பேப்பரில் உன் படம் இருந்தது. ஏணியில் நின்று சுவரில் யானை வரைகிறாய், தாயும் குட்டியுமாக. என்னோடு காய் நறுக்கும் ஜோதி பார்த்துவிட்டு, "உன் பொண்ணு வரைஞ்சதாக்கா? அப்டியே நடந்து வர்ற மாதிரி கீதுக்கா" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்துதான் கீழே இருந்ததைப் படித்தேன். யானைகள் போகிற பாதைக்காகக் கெம்பனட்டி மக்கள் இடம் மாறுகிறார்களாம், ஓவியர்கள் உதவுகிறார்களாம். யார் அந்த மக்கள்? யார் அவர்களைப் போகச் சொன்னது? யானைகளுக்காகப் படம் வரையப் போவதாகத்தானே சொன்னாய்? ஊரைக் காலி செய்யப் போவதாகச் சொல்லவில்லையே.

கம்பெனி கட்ட நம் நிலத்தைக் கேட்டு ஆட்கள் வந்தபோது நீ மூன்றாவது படித்தாய். கோயில் வாசலில் ஒரு பெரிய படத்தை விரித்தார்கள். மரம், ஆஸ்பத்திரி, பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை, மேட்டில் மனை என்றார்கள். அழகான படம் கண்ணு. அதைப் பார்த்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். வேலை வரவில்லை. மனை ஏரிப் பள்ளத்தில் வந்தது. அந்தப் படத்தையும் யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளைதான் வரைந்திருக்கும்.

நீ யாருக்காக வரைகிறாய் என்று விசாரித்து எழுது.

அம்மா,
மரகதம்


கெம்பனட்டி,
தாளவாடி மலை,
18.6.2024

என் அம்மாவுக்கு,

கவி எழுதுகிறேன். இருமியது எங்கள் சமையல்காரர் ரத்தினம் அண்ணன். அவருக்கு ஆஸ்துமா. ஒட்டுக் கேட்கவில்லை, போதுமா?

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நம் கதையைக் கொண்டுவந்து எல்லார் தலையிலும் வைக்காதே. இந்த ஊர் இரண்டு காட்டுக்கு நடுவில் இருக்கிறது. யானைகள் மழைக்கு முன்னால் ஒரு பக்கம் போகும், மழைக்குப் பிறகு திரும்பும். நடுவில் ராகித் தோட்டமும் வீடுகளும். போன வருஷம் பக்கத்து வீட்டு மாதம்மாவின் மாமனார் மாட்டுக்கொட்டகைக்குப் போனவர் யானை மிதித்து இறந்துபோனார். அதற்கு முன்னால் ஒரு பெண் யானை மின்வேலியில் பட்டுச் செத்தது. குட்டி அந்த இடத்தை விட்டு நகரவே இல்லையாம். நான் சுவரில் வரைந்தது அந்த இரண்டையும்தான். படம் முடிந்த அன்று மாதம்மா குட்டியின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனாள்.

ரோட்டோரம் நிலமும் வீடும் கிடைத்தால் போய்விடுகிறோம் என்று இவர்களே கேட்டிருக்கிறார்கள். எங்களை இங்கே வரைய அழைத்து வந்த அறக்கட்டளையை நடத்தும் இனியவன் சாரும் ஓவியர்தான். எங்களைப் போன்றவர்கள் வரைந்ததைச் சென்னையில் கண்காட்சி வைத்து விற்று, அதில் நிலம் வாங்கி வீடு கட்டுகிறார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல். மண்ணூர் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்களா? என்னைக் கூப்பிட்டுக்கொள்ளத்தான் இவ்வளவுமா?

உன் மகள்,
கவி


பிள்ளைப்பாக்கம்,
30.6.2024

கவிக்கு அம்மா எழுதுவது.

மண்ணூர்க்காரர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், உதிரிபாகம் பொருத்தும் லைனில் வேலை. ஓ.டி. முடிந்து சாப்பிட வந்தவளிடம் கேட்டேன். "யானை வர்றது நெசந்தானுங்க ஆன்ட்டி. ஆனா ஆளுக காலி பண்ணுன எடத்துல ரிசார்ட்டும் வருதுங்க" என்றாள். தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வந்து, "நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்க" என்றாள். நல்ல காரியம் என்றால் அவள் ஏன் பயப்பட வேண்டும்?

அவர்களே கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நாங்களும்தான் கேட்டோம். கேட்கிற நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். புது வீட்டுக்குப் பட்டா யார் பேரில்? இவர்கள் விட்டுப் போகிற நிலம் யார் பேரில் எழுதப்படுகிறது? போக மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வார்கள்? உன் இனியவன் சாரிடம் கேள். பதில் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்.

அதுவரைக்கும் எந்தப் படத்திலும் உன் பேரை எழுதாதே. அப்பாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் குடோன் வாசலில் செக்யூரிட்டி சட்டை போட்டு நிற்கிறார். கேட்டால், "எல்லா ஊர்லயும் அப்டித்தான் மரகதம், வுடு" என்பார்.

அம்மா


கெம்பனட்டி,
14.7.2024

அம்மா,

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இனியவன் சாரிடம் கேட்டேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "இப்ப அதப் பத்திப் பேச முடியாது கவிப்பிரியா. கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை அம்மா. அவர்தான் வேறு பக்கம் பார்த்தாரே.

மறுநாள் ஒரு ஜீப் வந்தது. கோயம்புத்தூர் ஆள். சார் அவரோடு ஊர் எல்லை வரைக்கும் நடந்தார், சிரித்துப் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஆள் அருவிப் பக்கம் கையைக் காட்டி, "வியூ இங்கதான் சார் டாப்பு" என்றது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் மாதம்மா வந்தாள். "நீ எங்க யானைய நெசமா வரஞ்ச. பொய் சொல்ல மாட்ட. சொல்லு, நாங்க போலாமா?" என்றாள். தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுவரில் ஆண் யானை வரைந்துகொண்டிருந்தேன். கிழிந்த காதுக்காரன், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவன். முன்னங்கால் வரைக்கும் வந்த படத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். கண்காட்சிக்கான ஓவியங்களையும் கொடுக்க மாட்டேன் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். "நீ நிறுத்தினா இன்னொரு வீட்டு வேலை நின்னு போகும், தெரியுமா?" என்று குழுவில் ஒருவர் கத்தினார். சார் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

நான் செய்தது சரியா அம்மா?

கவி


பிள்ளைப்பாக்கம்,
22.7.2024

கண்ணு,

சரிதான். நீ அப்பா மகள் இல்லை, என் மகள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. ஜீப், சிரிப்பு, டீ. நான் பார்க்காததா? மாதம்மாவிடம் மட்டும் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடு, எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று.

அம்மா


கெம்பனட்டி,
25.8.2024

அம்மாவுக்கு,

நான் ஏன் வரவில்லை, ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று தவித்திருப்பாய். மாதம்மாவிடம் கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன். சொன்னதை அவள் ஊர் முழுக்கச் சொன்னாள். வீடுகளைப் பார்க்கக்கூட யாரும் போகவில்லை. அந்தச் சமயத்தில் கிளம்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

புது வீட்டுப் பட்டாவைக் கையில் வாங்கிய பிறகுதான் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள்; போன வாரம் எல்லாப் பத்திரமும் பதிவாகிவிட்டது. அன்றைக்குத்தான் இனியவன் சார் ஊரைக் கூட்டி உண்மையைச் சொன்னார். அந்தக் கோயம்புத்தூர் ஆள் ரிசார்ட்டுக்கு நிலம் வாங்கத் தனித்தனியாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தாராம். பதிவு முடிவதற்குள் விஷயம் தெரிந்தால் குறுக்கே விழுந்து கெடுத்துவிடுவார் என்று, அவரிடம் ஆசை காட்டுவதுபோல் பேசி நாளைக் கடத்தியிருக்கிறார் சார். இப்போது பழைய நிலம் வனத்துறைக்குப் போய்விட்டது. யாரும் வாங்க முடியாது. புது வீட்டுப் பட்டா புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் இருக்கிறது. நானே படித்துப் பார்த்தேன். கன்னடக்காரக் கிழவர் ஒருவர் போக மாட்டேன் என்றார். "சரி, இருங்க" என்றார்கள். அவர் இருக்கிறார்.

எல்லாம் முடிந்ததும் சாரிடம் போய் நின்றேன். "உன்ன நம்பி நான் சொல்லியிருக்கணும். நீ என்ன நம்பி நாலு நாள் பொறுத்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். சாப்பிட மட்டும் இன்னும் தனியாகத்தான் உட்காருகிறார். உன் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு இங்கே எல்லோரையும் பார்த்தேன் அம்மா. அது எளிதில் கழலவில்லை.

கிழிந்த காதுக்காரனை வரைந்து முடித்துவிட்டேன். கண்காட்சிக்கும் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் மாதம்மா புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள். நீயும் அப்பாவும் கட்டாயம் வர வேண்டும் என்கிறாள். வந்து உன் கண்ணாலேயே பார்.

கவி


பிள்ளைப்பாக்கம்,
23.9.2024, திங்கட்கிழமை

அன்புள்ள கவிக்கு,

நாங்கள் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே இருந்தபோது உன்னிடம் பேச முடியாததை எழுதுகிறேன்.

நான் பால் குடிக்க வரவில்லை, குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். குழாயைத் திறந்து பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வீட்டைச் சுற்றி வந்தேன். நீ இனியவன் சாரோடு பேசிக்கொண்டிருந்தபோது பெண்களைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்த் தனியாக விசாரித்தேன். மாதம்மா என் கையைப் பிடித்து, "இனிமே ராத்திரி தூங்குவோம் அக்கா" என்றாள். எனக்குக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை கண்ணு.

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு எரிந்தது. அந்த ஜனங்கள் மேல் இல்லை, சாமி சத்தியமாக இல்லை.

அப்பா அங்கே யாரிடமும் பேசவில்லை, பார்த்தாய் அல்லவா? அந்தப் பட்டாவை மட்டும் மாதம்மா புருஷனிடம் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார். சத்தியமங்கலத்தில் பஸ் மாறும்போதுதான் வாயைத் திறந்தார். "இன்னா மரகதம், பண்ண முடியுது பாரு" என்றார். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் அவர் சோறு தின்றார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்றைக்குக் காலையில் முகம் மழித்துக்கொண்டு, செக்யூரிட்டி சட்டை போடாமல் வெள்ளைச் சட்டை போட்டார். டூட்டிக்கு இல்லையா என்று கேட்டேன். "காஞ்சிபுரத்துல இன்னிக்கு கலெக்டரு மனு வாங்குற நாளு. நம்ம கூட நெலம் குடுத்த கன்னியப்பனும் வரான். நம்ம மனைய மாத்திக் குடுன்னு கேட்டுக்கினு வரேன். குடுத்தா பாக்கலாம், குடுக்காட்டி அடுத்த திங்களும் போவேன்" என்றார். நீ பிறந்த அன்றைக்குக்கூட இந்த மனுஷன் இப்படி ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

இனியவன் சாரைத் தப்பாக நினைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். அவர் உங்களோடு உட்காராமல் தனியாகச் சாப்பிடுவதும் என்னால்தான். அதையும் சொல். ஆனால் இங்கே மனு வாங்குகிறவர்களை என்னால் அப்படி நம்ப முடியாது. அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு யார் சிரித்தாலும் நம்பிவிடுவார். அதனால் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் நானும் போகிறேன்.

அம்மா,
மரகதம்