மேல்பிரிவுப் பீலியும் நாற்பத்து மூன்று கையெழுத்தும்

யட்டியாந்தோட்டை
12.08.2003

அன்புள்ள மகள் சுதர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், மட்டக்களப்பு வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் அம்மாவுக்கு எந்நேரமும் பேச்சு. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே, கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான், எண்ணெய் தேய்க்கச் சொன்னால் கோபம் வருகிறது. இனி எழுதுவதை நிதானமாக வாசி, எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நிலைபேறான அபிவிருத்திக்குத் தேசியத் திட்டமாம், காட்டையும் ஆற்றையும் கெடுக்காமல் நாடு முன்னேற வேண்டுமாம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி மஹத்தயா படம் போட்டுக் காட்டினார். நமது தோட்டத்தின் மேல்பிரிவு ஓடையைக் குழாயில் இறக்கி கரண்ட் எடுத்துவிட்டு, தண்ணீரைக் கீழே ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம், புகை இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. கேட்க நல்லதாகத்தான் இருந்தது. சிங்களத்தில் அவர் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். கடைசியில் தேத்தண்ணீரும் பன்னும் வைத்துவிட்டு, கையெழுத்துக்குச் சிங்களத்தில் எழுதிய இரண்டு தாள் நீட்டினார்கள். நம் ஆட்கள் தயங்கினார்கள், நான் எழுந்து, பெரட்டுல பேர் குடுக்கிற மாதிரி வரிசையா வந்து கையெழுத்து வைங்க, பன் ஆறிப்போகுது என்று அவசரப்படுத்தினேன். காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்தால் தாளை யாரும் வாசிப்பதில்லை அல்லவா, அந்தப் பழக்கத்தில் நாற்பத்து மூன்று பேரும் இரண்டு தாளிலும் வைத்துவிட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. சிங்களம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், வாசிப்பு பஸ் பலகையோடு சரி, உனக்குத் தெரியும்.

போன வாரம் அந்த வேலைக்குச் சீமெந்தும் குழாயும் என்ன விலை என்று நம் கடைக்கே கேட்டு அனுப்பினார்கள். கூடவே நாங்கள் கையெழுத்து வைத்த தாள்களின் பிரதியும் இருந்தது. பக்கத்துத் தையல் கடை அஸீஸ் வாசித்துவிட்டு, நாகலிங்கம் முதலாளி, ஒங்க ஆளுங்க எல்லாரும் ஓடையத் திருப்பச் சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, நல்லா யோசிச்சுத்தான் வச்சீங்களா என்றார். அப்போதுதான் விளங்கியது. முதல் தாள்தான் கூட்டத்துக்கு வந்ததற்கான வரவு, இரண்டாவது சம்மதம். தண்ணீர் குழாயில் போகிற தூரத்துக்குள்தான் நம் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற மேல்பிரிவு லயமும், அவர்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியும் இருக்கின்றன. வெயில் காலத்தில் பீலி நூலாக விழுவதை நீயும் பார்த்திருக்கிறாய், ஓடையைத் திருப்பினால் அதுவும் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு லயத்துக்குப் போய் என் வாயாலேயே சொன்னேன். உன் மருதாயி அத்தை இருக்கிறாளே, ஏன்டா தம்பி, பெரட்டுல பேர் குடுத்தா அன்னிக்குச் சம்பளமாவது வரும், ஒன் பன்னுக்குப் பேர் குடுத்து பீலியக் காயப் போட்டுட்டியே என்றாள். அக்கா என்றாலும் எல்லார் முன்னாலும் சொன்னது சுட்டது. பிறகு அவளே, சரி, அந்த கரண்ட்டு நம்ம லயத்துக்கு வருமா என்று கேட்டாள்.  அதையே பிரதேச செயலகத்தில் போய்க் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை, ஆட்சேபம் இருந்தால் இந்த மாதம் முப்பதுக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

என் தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சாமான். இதில் நல்லதும் கெட்டதும் ஒரே தட்டில் கிடக்கிறது, எப்படி நிறுப்பது? காடு பிழைக்குமாம், லயத்துக்குத் தண்ணீர் போய்விடுமாம், எதைச் சுற்றாடல் என்கிறார்கள்? சீமெந்து ஓடர் எனக்கே கிடைத்தால் நல்ல வியாபாரம், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. விலை எழுதிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

நீ இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அனுப்பு. திட்டம் வேண்டாம் என்று எழுதாதே, வேண்டும் என்றும் எழுதாதே. விளங்காமல் வைத்த கையெழுத்து அது, பீலிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவீர்கள், லயத்துக்கு கரண்ட் உண்டா என்று தமிழில் விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள் என்று எழுது. தவறு என்னுடையது என்றும் ஒரு வரி சேர்.

வேளைக்குச் சாப்பிடு. கதிர்காமத்து முருகன் உனக்குத் துணை இருப்பான், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே, அந்தக் கடிதத்தைத் தமிழிலும் எழுதி வை. லயத்தில் முழுதும் வாசித்துக் காட்டாமல் இந்த முறை ஒருவரிடமும் பேர் வாங்கமாட்டேன்.

உன் அப்பா,
ச. நாகலிங்கம்