எண்ணெய்க் குழி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனசைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் என் வாய் சும்மா இருக்காது.

போன செவ்வாய்க்கிழமை சுற்றுச்சூழல் அதிகாரி நம் பட்டறைக்கு வந்தார். வந்தவர் வண்டி தூக்கும் லிஃப்டைப் பார்க்கவில்லை, பெயிண்ட் டப்பாக்களைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார். அடுக்கியிருந்த பழைய டயர்களை நகர்த்தச் சொன்னார். அடியில் இருந்த சிமெண்ட் பலகையைக் காலால் தட்டி, இதைத் தூக்குங்கள் என்றார். என் வீட்டு அலமாரியில் எது எங்கே இருக்கிறதென்று எனக்கே அவ்வளவு கச்சிதமாகத் தெரியாது.

கழிவு எண்ணெயைப் பலகைக்கு அடியில் இருந்த அந்தக் குழியில் ஊற்றியது தப்புதான். ஆனால் சட்டம் போட்டவர் நம்மை மாதிரிப் பட்டறையில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா? ஒரு மாதத்துக்கு மேல் எண்ணெயை வைத்திருக்கக் கூடாதாம். கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் பெற்ற வண்டிக்காரனோ பீப்பாய் நிறைந்தால்தான் வருவானாம். நமக்கு ஒரு பீப்பாய் நிறைய நாலு மாதம் ஆகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரே வாரம். நீ இப்போது அங்கேதானே வேலை பார்க்கிறாய், உனக்குத் தெரியாததா.

யார் காட்டிக்கொடுத்தது என்று யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. முதலில் எதிர்க்கடை டயர்க்காரனைச் சந்தேகப்பட்டேன். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் அவன் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவன். அடுத்தது உன் அண்ணி. யார் சொன்னால் என்ன, சொன்னது உண்மைதானே என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் தரும் டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். ஆனால் அவள் பட்டறையின் பின்பக்கம் வந்ததே கிடையாது.

அந்தப் பலகையை நீயும் நானும்தான் தூக்கி வைத்தோம். உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடாதே. பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை அடிக்கிறது, குழியைத் தூர்த்துவிடலாம் என்று நீ சண்டை போட்டதும், நான் உன் சட்டையைப் பிடித்ததும், மறுநாளே நீ ஊரை விட்டுப் போனதும் ஞாபகத்துக்கு வந்தன. அவ்வளவுதான்.

அதிகாரி அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்தார். இதில் என்ன இருக்கிறது என்று வீம்புக்கு நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். விழுங்க முடியவில்லை, துப்பிவிட்டேன். அந்த வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பி.

இருபதாம் தேதி விசாரணை. குழியைச் சுத்தம் செய்து, மூடி போட்ட தொட்டி கட்டுவதாக பட்டறை உரிமத்தில் பெயர் உள்ள இரண்டு பேரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒருவர் வராவிட்டாலும் பட்டறைக்குச் சீல்தான். இரண்டாவது பெயர் உன்னுடையது.

வந்துவிடு. நீ சொன்னாயா இல்லையா என்று கேட்க மாட்டேன்.

அது பொய். கேட்பேன். பஸ்ஸை விட்டு நீ இறங்கியதுமே கேட்பேன். ஆமாம் என்று சொன்னால் கத்துவேன். நான் கத்தி முடிக்கும்வரை மட்டும் போய்விடாதே.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அண்ணன்