உன் பக்கத்தில் படுத்திருப்பது யார், அம்மா

என் அம்மாவுக்கு,

எனக்கு எட்டு வயதில் நீ விட்டுப்போன பெண், நரை எட்டிப்பார்க்கும் தலையோடு எழுதுகிறேன். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நீ கைக்குழந்தையாக விட்டுப்போன சவரி ஓசூரில் கொத்து வேலை செய்கிறான். அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

இந்தக் கோடையில் பங்குச் சாமியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பப் போகிறார்கள். அஸ்திவாரம் யார் மேலும் விழக்கூடாது. எங்கெங்கே குழி இருக்கிறதென்று படம் வரைந்து தாருங்கள் என்றார். சிலுவை நட்ட குழிகள் முன்பக்கம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வெறும் மண். பேதி வந்த வருஷம் போனவர்கள். நீயும் அதில் ஒருத்தி.

நீ எங்கே இருக்கிறாய் என்று அப்பா சாகும்வரை சொல்லவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏன் என்று எத்தனை நாள் யோசித்திருப்பேன்.

சவரி இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பான். கெட்டி மண்ணில் கம்பி நிற்கும். குழி என்றால் தானாக இறங்கும். அங்கே நான் சுண்ணாம்பு தூவிப் படத்தில் குறிப்பேன். உண்ணிச்செடிப் புதருக்குள் போகப் போக, கம்பி எங்கேயும் நிற்கவில்லை.

"அக்கா, நாம ஆளுங்க மேலதான் நின்னுக்கினு இருக்கறோம்," என்றான் சவரி. நடுப்பகல் வெயிலில் எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

அப்போதுதான் அந்த முனகல் கேட்டது. வார்த்தை இல்லை, வெறும் ராகம்.

"நீயா பாடற?" சவரி திரும்பிப் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது சவரியைத் தூங்கவைக்க நீ பாடியது, அம்மா. கடைசியில் பாட்டை முடிக்காமல் மூச்சோடு இழுத்து விடுவாயே, அந்த இழுப்பும் அப்படியே இருந்தது.

புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதை முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உன் வயது இருக்கும், நீ இருந்திருந்தால். அவள் முன்னால் ஒரு மேடு, ஒரு புல்கூட இல்லாமல் மெழுகி வைத்திருந்தது. சவரி கையில் கம்பியைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேட்டின் மேல் விரித்துக்கொண்டாள்.

"இங்க குத்தாதீங்கப்பா. என் பாப்பா கீழ இருக்குது."

தெலுங்கு கலந்த தமிழ். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடிசைக்காரி, பேர் முனியம்மா. பேதியில் அவள் குழந்தை போன அன்று வீட்டு ஆட்கள் எல்லாம் ஊரைவிட்டு ஓடிவிட்டார்களாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், இங்கே ஒருத்தர் தனியாகக் குழி தோண்டுவதைப் பார்த்திருக்கிறாள்.

"அவரு சம்சாரத்தை இறக்கினாரு. நான் நின்னதப் பாத்தாரு. ஒண்ணுமே கேக்கல. பாப்பாவ வாங்கி அந்தம்மா கையில படுக்க வெச்சாரு. யாருக்கும் சொல்லாத, வேதத்துல சேராத பிள்ளைன்னு தோண்டி வெளிய போட்டுருவாங்கன்னாரு."

சவரி கம்பியைக் கீழே போட்டுவிட்டான்.

அந்தப் பாட்டு கேட்ட இடத்தில் குழி தோண்டியவர் அப்பாதான் என்றும், அவர் மௌனம் ஏன் என்றும் எனக்கு அங்கே புரிந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. "இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கப்பா பாடினாரா?" என்று கேட்டேன்.

"அவரு அழுதாரு, அவ்ளோதான்." மேட்டைத் தடவினாள். "இங்க குந்திக்கினு இருந்தா கேக்கும். மொதல்ல பயந்தேன். அப்புறம் பாப்பா தனியா இல்லேன்னு தோணுச்சி."

மண்ணில் காது வைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அம்மா. எங்களுக்கென்று மிச்சம் வைக்காமல் அவளுக்கே பாடித் தீர்த்துவிட்டாயா? இல்லை, அந்தக் குழந்தை இன்னும் தூங்கவில்லையா?

அந்த மேடு சுவர் வரும் கோட்டின் மேலேயே இருந்தது. தோண்டி எலும்பை உள்ளே தள்ளி வைக்கலாம் என்றார் சாமியார். தோண்டினால் எது உன்னுடையது, எது குழந்தையுடையது என்று பிரிப்பார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்.

"ஞானஸ்நானம் வாங்காத குழந்தையாம்மா?"

"எங்கம்மா வாங்கினவங்கதான் சாமி. அவங்க கையிலதான் இருக்குது."

சாமியார் பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் மட்டும் கோட்டை வெளிப்பக்கமாக வளைத்தார். குழந்தைக்குப் பேர் வைப்பதற்குள் போய்விட்டதால், படத்தில் 'தாயும் பிள்ளையும்' என்றே எழுதினேன்.

வளைவை சவரியே கட்டினான். அன்று வேறு யாரையும் அங்கே கரண்டி பிடிக்க விடவில்லை. முனியம்மா கல் எடுத்துக் கொடுத்தாள். வழியில் போகிறவர்கள், கொத்தனுக்குக் கண் சரியில்லை போல என்று சிரிக்கிறார்கள்.

நானும் சவரியும் இருக்கும்வரை அந்த வளைவை யாரும் நேராக்க விடமாட்டோம். எங்களுக்குப் பிறகு அவன் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். நீ கையை எடுக்காமல் இரு.

சவரியையும் அந்தப் பேரில்லாத பிள்ளையையும் தம்பி தங்கையாகப் பெற்ற,
உன் மூத்த மகள்
ஆரோக்கியமேரி