எடுக்காத சோதனை

மார்ச் 3
காலையில் பதினோரு மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தேன். ஒன்று உடைந்தது, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மதியம் தங்கச்சியோடு ஆஸ்பத்திரி. அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் பரம்பரையாம், மரபணு சோதனையில் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் ரத்தம் குடுத்துப் பார்த்துடுங்க. இருந்தா முன்னாடியே கண்காணிக்கலாம்" என்றார்.

மார்ச் 5
ஏஜென்ட் தம்பி வந்தார். தங்கச்சிக்கு இன்சூரன்ஸ் பாலிசி போட்டவரும் இவர்தான். "அவசரப்படாதீங்கக்கா. முதல்ல பாலிசி கைக்கு வரட்டும். மரபணு சோதனை எடுத்தீங்களானு படிவத்துல கேப்பாங்க. எடுக்கலைன்னா இல்லைனு எழுதலாம். பொய்யும் கிடையாது." சரியென்றுதான் பட்டது. எனக்கு ஒன்று ஆனால் என் பெண்ணுக்கு யார்? ஒன்பது வயது. அவள் அப்பா போன இடம் அவருக்கே தெரியாது.

மார்ச் 20
விண்ணப்பம் போயாயிற்று. 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதினேன்.

மே 9
பதில் இல்லை. டாக்டரம்மா இரண்டு முறை கூப்பிட்டார். நான் போனை எடுக்கவில்லை.

ஜூன் 17
குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பில், பட்டாணி அளவு. பிரமை — மறுபடி தொட்டேன். பிரமை இல்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதிவிடுவார்களே. பாலிசி வரட்டும். வருமா?

ஜூன் 30
மறுத்துவிட்டார்கள். 'உடன்பிறந்தவரின் மரபணு அறிக்கை எங்களிடம் உள்ளது.' தங்கச்சி சிகிச்சைச் செலவு கேட்டு அனுப்பிய காகிதங்களில் அதுவும் இருந்திருக்கிறது. அவற்றைச் சேர்த்து அனுப்பியவர் இதே ஏஜென்ட், அதே கம்பெனிக்கு. "ஒரு தாளையும் விடக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து வச்சேன்கா" என்று தங்கச்சி அழுதாள். அவளைத் திட்டி என்ன பண்றது? நாலு மாசமா நான் யார்கிட்ட ஒளிஞ்சுகிட்டிருந்தேன்?

ஆகஸ்ட் 4
சோதனை எடுத்தாயிற்று. எனக்கும் அதே மரபணுக் கோளாறு இருக்கிறது. கட்டி புற்றுநோய்தான், அக்குளுக்கும் பரவியிருக்கிறது. "மார்ச்லயே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

ஆகஸ்ட் 19
ஏஜென்ட் தம்பி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என் பெண் பெயரில் ஒரு படிவம் நீட்டினார். வேறு கம்பெனி. அவள் வளர்ந்து சோதனை எடுப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டுமாம். பாதியை அவரே நிரப்பியிருந்தார். 'தாய் உயிருடன் இருக்கிறாரா?' என்ற இடத்தில் 'ஆம்'.

"இந்த மாசமே அனுப்பிடலாம்க்கா" என்றார், தரையைப் பார்த்தபடி.

ஏன் இந்த மாதமே என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.