அக்கரைச் சம்பந்தம்

அக்டோபர் 19
எட்டாம் வகுப்புக்கு இன்று ஆறுகள் பாடம். எங்கள் ஊர் ஆற்றையே பலகையில் வரைந்தேன். மேற்கிலிருந்து ஒழுங்காக வருகிறது. எங்கள் ஊரைக் கண்டதும் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு. லாடத்துக்கு வெளியே நாங்கள், உள்ளே, அக்கரையில், என் காளிதாஸின் ஊர். லாடத்தின் இரண்டு முனைகளும் அவன் ஊருக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும், நடுவே ஒரு மண்மேடு மட்டும்தான்.

"டீச்சர், அதுல தண்ணியே இல்லையே, ஆடுதான மேயுது?" என்றாள் மாரிச்செல்வி. கேள்வி நியாயம்தான்!

அக்டோபர் 26
காளிதாஸ் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அய்யா காபி கொடுத்து, மிளகாய் விலையெல்லாம் பேசிவிட்டு, கடைசியில், "ஆறு தாண்டிப் பொண்ணு குடுக்கிறதில்லைங்க" என்று முடித்துவிட்டார்.

அய்யாவின் அக்கா முத்தழகு அத்தையை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்தார்கள். தாத்தா இறந்த அன்று ஆற்றில் வெள்ளம். அத்தை அங்கன நின்னு கதறுனது இங்கன கேட்டுச்சாம். கடைசிவரை முகம் பார்க்க முடியவில்லை. அய்யாவிடம் இதற்கு மேல் என்ன வாதாட?

ஆனாலும் கோபம் கோபமாக வருது. என்னைக்கோ வந்த தண்ணி — அதுக்கு நான் என்ன செய்வேன்?

அக்டோபர் 27
நான் சாப்பிடவில்லை. அய்யாவும் சாப்பிடவில்லை. மீன்குழம்பு வீணாய்ப்போன எரிச்சல் அம்மாவுக்கு.

நவம்பர் 23
அடைமழை. ஆறு கரை முட்ட ஓடுகிறது. காளிதாஸ் போன் ஸ்விட்ச் ஆஃப். ஐயோ, அங்கன என்ன ஆச்சுன்னே தெரியலையே.

ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்த அய்யா, "பாத்தியா?" என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 25
போன் வந்துவிட்டது! எல்லோரும் பத்திரம். சேதியைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா? ஊருக்குப் பின்னால் இருந்த மண்மேட்டை வெள்ளம் அறுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டதாம். பழைய வளைவுக்குத் தண்ணீர் வரத்தே நின்றுவிட்டது. அதாவது, காளிதாஸ் ஊர் இப்போது எங்கள் பக்கம்! வருஷா வருஷம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன், நம்ம ஊரிலேயே நடக்கும் என்று யார் கண்டது?

ஒரே சங்கடம். அவர்களுடைய மிளகாய் வயல் புது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "வீடு இக்கரை, வயலு அக்கரை. நான் எந்தக் கரைன்னு நீயே சொல்லு ஜோதி" என்கிறான்.

டிசம்பர் 7
அய்யா யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய், பழைய ஆறு, புது ஆறு இரண்டையும் பார்த்துவிட்டு வந்தார். முழங்கால்வரை சேறு. காளிதாஸ் உரமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வயலுக்குப் போனானாம்.

போச்சுடா, மறுபடி அக்கரைப் பேச்சை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அம்மாதான் துணிந்து கேட்டாள். "அவுக வயலு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிருச்சாமே. இப்ப என்ன சொல்றீக?"

அய்யா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பொண்ணுதான் ஆறு தாண்டக் கூடாது. மாப்பிள்ளை தெனமும் தாண்டட்டும்."