பலாசியில் விட்ட வார்த்தை

2025 ஜனவரி 9

ஞாயிற்றுக்கிழமை, பிளாசிப் போர் நடந்த பலாசிக்குப் பிக்னிக். சம்பந்தி ஆகப்போகிற தபன்பாபுவின் ஏற்பாடு. ரெண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அங்கேயே தேதி குறிக்கலாம் என்றாராம். போர்க்களத்தில் கல்யாணத் தேதி குறிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கல்யாணப் பொண்ணு மஹிமா சொல்கிறாள், "அம்மா, உன் வாயை இந்த லேக் கார்டன்ஸ் வீட்லயே பூட்டிட்டு வா."

ஜனவரி 12

பூட்டவில்லை.

வயலுக்கு நடுவே ஒரு தூண், சுற்றிக் கம்பிவேலி. தபன்பாபு கையை நீட்டி நீட்டிச் சொன்னார் — இங்கே நவாப், அங்கே கிளைவ், சண்டை போடாமல் நின்ற நவாபின் தளபதி மிர்ஜாபர் அதோ. நம்ம எட்டப்பன் மாதிரி. இந்த ஊரில் துரோகிக்கு மிர்ஜாபர் என்றுதான் பேர்.

சாப்பாட்டு நேரம். என் புளியோதரைதான் உசத்தி என்று எங்கள் ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டம்மா மீன் வறுவல் டப்பாவைத் திறந்ததும் தட்டோடு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். சம்பந்தியைக் கேலி செய்யாவிட்டால் அது என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிந்த வங்காளியில், "மீனைக் கண்டதும் கட்சி மாறிட்டீங்களே, மிர்ஜாபர்பாபு" என்றேன். என் வீட்டுக்காரர் முந்தானையை இழுத்தார். அதற்குள் சொல்லியாயிற்று.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. தபன்பாபு தட்டைக் கீழே வைத்தார். கை கழுவப் போனவர் தூண் பக்கமே நின்றுவிட்டார். திரும்பும்போது ரயிலில் அவர்கள் வேறு பெட்டி. தேதிப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 13

மஹிமா இப்போதுதான் சொல்கிறாள். அந்தக் காலத்தில் சணல் ஆலை ஸ்ட்ரைக்கில் எல்லாரும் கேட்டில் நிற்க, தபன்பாபு மட்டும் வேலைக்குப் போனாராம். அவர் அம்மா ஆஸ்பத்திரியில், பணம் வேண்டியிருந்ததாம். வீட்டுச் சுவரில் மிர்ஜாபர் என்றுதான் எழுதினார்களாம்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாடி?"

"சொன்னா அதையும் வச்சுக் கேலி பண்ணுவே."

பண்ணியிருப்பேனோ? புள்ள மூஞ்சியப் பாக்க முடியலை. இந்த நாக்குல சூடு வச்சா என்ன.

ஜனவரி 14

பொங்கல். தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு டாக்குரியாவில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். அவரே கதவைத் திறந்தார். "உங்க கதை எனக்குத் தெரியாது அண்ணா. தெரியாம சொன்னாலும் சொன்னதுதான். பொண்ணு மேல காட்டாதீங்க."

தூக்கை வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தினார்.

பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. வெறும் தூக்கு வந்தால் — முடிந்தது.

ஜனவரி 16

தூக்கு வரவில்லை. மஹிமா சாப்பிடவில்லை.

ஜனவரி 18

காலையில் வாசலில் தபன்பாபு. கையில் தூக்கு, முகத்தில் சிரிப்பில்லை. தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, "எட்டப்பன் வீடு... இதுவா?" என்றார். எனக்குப் பின்னால் மஹிமா தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் யார் என்று தெரிந்துவிட்டது.

தூக்கு கனத்தது. திறந்தேன். பாட்டிசாப்டா, அவர்கள் பொங்கலுக்குச் சுருட்டுகிற இனிப்பு தோசை, தேங்காயும் புது வெல்லமும் மணக்க.

உட்கார்ந்தார். கல்யாணத்தை மாசியில் வைத்துக்கொள்ளலாமா என்றார். புளியோதரை இருக்கிறதா என்றும் கேட்டார். பக்கத்து வீட்டில் யாரும் மீன் பொரிக்கவில்லையே என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் தட்டு வைத்தேன்.